வில்கபம்பாவில் எங்கே தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈக்வடார் நாட்டின் தென்கோடியில், லோஹா நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தெற்கே, ஆண்டிஸ் மலைகளின் மடிப்பில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் வில்கபம்பா. யோகா, மூலிகை நீராவி, மசாஜ், நோன்பு, தியானம் என்று உடல்நலத்தின் பெயரால் ஆண்டு முழுவதும் வெளிநாட்டவர் வந்து தங்கும் ஊர் இது. சிறிய ஊர்தானே, எங்கே தங்கினால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பயணங்களில் ஏழு வாரங்கள் அங்கு இருந்த பிறகு, விடுதி தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, அது எந்தச் சாலையில், எவ்வளவு ஏற்றத்தில், ஆற்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் அங்கு கழியும் நாட்களைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அங்கு செல்லவிருந்த நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன விடைகளே கீழே இருப்பவை.

வில்கபம்பா பெரு நாட்டில் அல்லவா இருக்கிறது?

அந்தப் பெயரில் பெருவிலும் ஓர் இடம் இருக்கிறது. ஸ்பானியர்களிடம் குஸ்கோவை இழந்த இன்கா அரச குடும்பம் 1572 வரை தாக்குப்பிடித்த மலைநாடு அது; வரலாற்று நூல்களில் வருவது பெரும்பாலும் அந்த வில்கபம்பாதான். நாம் பேசுவது ஈக்வடாரில் உள்ள ஊரை. கெச்சுவா மொழியில் ‘வில்கா’ என்பது புனிதத்தையும் அப்பகுதியில் வளரும் ஒரு மரத்தையும் குறிக்கும். ‘பம்பா’ என்றால் சமவெளி. முன்பதிவுத் தளத்தில் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்துத் தேடும்போது நாட்டின் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலை கிடக்கிறது.

அங்கு வாழ்பவர்கள் நூறு வயதைத் தாண்டுகிறார்கள் என்பது உண்மையா? விடுதியைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

உண்மையில்லை, ஆனால் தொடர்பு மிகவும் உண்டு. 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 819 பேர் கொண்ட ஊரில் ஒன்பது பேர் நூறு வயதைக் கடந்தவர்களாகப் பதிவாயினர். ஹார்வர்ட் பல்கலைக்கழக மருத்துவர் அலெக்சாண்டர் லீஃப் அங்கு சென்று வந்து, 1973-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் எழுதியதும் ‘நீண்ட ஆயுள் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அதே லீஃப் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் போனபோது, ஊரின் புகழ்பெற்ற முதியவரான மிகேல் கார்பியோ, இடையில் கழிந்த ஆண்டுகளைவிடப் பல ஆண்டுகள் அதிகமாக மூத்திருந்தார். இதனால் ஐயமுற்று லீஃப் துணைக்கு அழைத்த ரிச்சர்ட் மாசஸ், சில்வியா ஃபோர்மன் ஆகிய ஆய்வாளர்கள் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஒரே குடும்பத்தில் சிற்றப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைக்கும் வழக்கத்தால் மூத்தவரின் பிறப்புப் பதிவு இளையவருக்கு வந்து சேர்ந்திருந்ததும், எழுபதைத் தாண்டியவர்கள் தங்கள் வயதைக் கூட்டிச் சொல்லி வந்ததும், ஊரில் நூறு வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதும், மிக மூத்தவருக்கு வயது 96 என்பதும் வெளிவந்தன. இளைஞர்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டதால் முதியோரின் விகிதம் உயர்ந்து தெரிந்ததும் ஒரு காரணம்.

ஆய்வின் முடிவு 1979-இல் அச்சாகிவிட்டது. ஆனாலும் ஊரின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைக்குப் பெயர் இன்றைக்கும் ‘நித்திய இளமை நிழற்சாலை’தான். இந்தக் கதையை மூலதனமாக வைத்தே விடுதிகள் எழுந்தன. தண்ணீரில் உள்ள தாது, காற்றில் உள்ள அயனி, மண்ணில் உள்ள காந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை வாடகை இருக்கிறது. ஆகவே ‘எங்கள் ஊற்றுநீர் ஆயுளைக் கூட்டும்’ என்ற வரியைப் படித்தால் அதைக் கடந்து, குளிக்க வெந்நீர் வருமா என்ற வரியைத் தேடுங்கள்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது? எந்தெந்தப் பகுதிகளில் தங்கலாம்?

நடுவில் தேவாலயமும் பூங்காவும் கொண்ட சதுக்கம். அதைச் சுற்றி கட்டம் கட்டமாக நாலைந்து தெருக்கள். பேருந்து நிலையம் நெடுஞ்சாலை ஓரத்தில், சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. இந்தக் கட்டங்களுக்குள் எங்கு தங்கினாலும் கடை, மருந்தகம், பணம் எடுக்கும் இயந்திரம், உணவகம் எல்லாம் காலடியில் இருக்கும். பச்சைச் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்முற்றமும் கொண்ட பழைய வீடுகள் சில இங்கே விடுதிகளாக மாறியிருக்கின்றன. அந்தச் சுவர்களின் தடிமனால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அறைக்குள் மட்டுப்பட்டே நுழைகின்றன.

கிழக்கே ஆற்றோரமாக மேலே போகும் சாலையில் யம்புராரா பகுதி தொடங்குகிறது. மரக் குடில்கள், தோட்ட வீடுகள், வெளிநாட்டவர் கட்டிய பெரிய வீடுகள், தியான முகாம்கள் என்று சாலை நெடுகக் கலந்து கிடக்கின்றன. கீழ் யம்புராராவிலிருந்து சதுக்கத்துக்கு இருபது நிமிடம் நடந்தால் போதும். மேல் யம்புராரா என்றால் ஒரு மணி நேரத்துக்கு நெருங்கிவிடும், திரும்பும் வழி ஏற்றமும்கூட. ருமி வில்கோ என்னும் தனியார் இயற்கைக் காப்பிடமும் ஊரிலிருந்து நடந்து சேரக்கூடிய தொலைவில் கிழக்குப் புறத்தில் இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கம்தான் பொருத்தம்.

தெற்கே, ஸும்பா ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் குன்றின்மேல் விடுதிகள் வருகின்றன. இவற்றில் பலரும் அறிந்தது இஸ்கைலூமா; கெச்சுவாவில் ‘இஸ்கை’ என்றால் இரண்டு, இரட்டைக் குன்று என்று பொருள் கொள்ளலாம். பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரிவதும், எதிரே மந்தாங்கோ பாறைமுகடு மாலை வெயிலில் சிவப்பதும் இந்தப் பக்கத்தின் கவர்ச்சி. போகும்போது சாலையோரமாக, வளைவுகளில் லாரிகளுக்கு ஒதுங்கி நடக்க வேண்டியிருப்பது இதன் குறை.

வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சான் பெத்ரோ தே வில்கபம்பா, அதற்கும் அப்பால் கரும்பும் வெல்ல ஆலையும் நிறைந்த மலகாத்தோஸ் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. மலகாத்தோஸில் லோஹாவாசிகளின் ஓய்வு வீடுகள் அதிகம், நீச்சல்குளமும் வெயிலும் அதிகம். அமைதி வேண்டும், ஆனால் மலையேற முடியாது என்பவர்களுக்கு சான் பெத்ரோ ஏற்றது.

முதன்முறை போகிறவர் சதுக்கத்துக்கு அருகில் தங்க வேண்டுமா, மலைச்சரிவிலா?

முதல் மூன்று இரவுகளாவது சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் தங்குங்கள் என்பதே என் அறிவுரை. காரணம் சூரியன். வில்கபம்பா நிலநடுக்கோட்டிலிருந்து நான்கு பாகை மட்டுமே தெற்கே இருப்பதால் ஆண்டின் எல்லா மாதங்களிலும் மாலை ஆறரை மணி அளவில் பொழுது சாய்ந்துவிடும். நீண்ட அந்திப்பொழுது என்று ஒன்று கிடையாது, விளக்கை அணைத்ததுபோல் இருள் வந்து நிற்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்தால் திரும்புவது கட்டாயம் இருளில்தான்.

என் முதல் பயணத்தில், படங்களில் மிக அழகாக இருந்த ஒரு குடிலை மேட்டில் இரண்டு வாரங்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்திருந்தேன். ‘ஊருக்கு அருகில்’ என்று எழுதியிருந்தார்கள். காரில் போகிறவருக்கு அது அருகில்தான். மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு, இடது கையில் முட்டைப் பெட்டியும் வலது கையில் கைப்பேசி வெளிச்சமுமாக, மழையில் சிவப்புக் களிமண் செருப்போடு ஒட்டி ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி உயரம் சேர, இரண்டு வீட்டு நாய்கள் வேலியோரம் கூடவே குரைத்துக்கொண்டு வர, நாற்பது நிமிடம் ஏறினேன். முட்டை ஆறில் நான்கு தப்பியது. மறுநாள் முதல் மாலை ஐந்து மணிக்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளேயே இருந்தேன். அதுவும் ஒரு வகை நலவாழ்வுதான் என்றாலும், அதற்காக நான் அங்கு போகவில்லை.

மேட்டில் தங்குவதே விருப்பம் என்றால் இரவில் ‘கமியோனெத்தா’ எனப்படும் வாடகைப் பிக்கப் வண்டி அதுவரை வருமா, மழை பெய்தாலும் வருமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சதுக்கத்தருகே அவை வரிசையாக நிற்கும்; கட்டணம் சில டாலர்கள்தான். ஆனால் சில கிளைச் சாலைகளில் மழைக்குப் பின் ஓட்டுநர்களே பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அமைதியான இடம் என்று சொல்கிறார்களே, ஊருக்குள் இரைச்சல் இருக்குமா?

இருக்கும். சேவல்கள் விடியலுக்குக் காத்திருப்பதில்லை. சதுக்கத்தைச் சுற்றியுள்ள சில உணவகங்களில் வெள்ளி, சனி இரவுகளில் பாட்டு நள்ளிரவு வரை போகும். வார இறுதியில் லோஹாவிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கும். தெருவை நோக்கிய அறையைத் தவிர்த்து உள்முற்றத்தை நோக்கிய அறையைக் கேட்டு வாங்குங்கள். ஆற்றோரக் குடில்களில் வேறு வகைச் சத்தம்: மழைக்காலத்தில் பெருகும் ஆற்றில் கற்கள் உருண்டு மோதும் ஒலி இரவெல்லாம் கேட்கும். எனக்கு அது தாலாட்டு. என்னுடன் வந்தவருக்கு அது தூக்கமின்மை.

எந்த மாதங்களில் போவது? பருவத்துக்கேற்ப இடத்தை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும்; பலர் கவனிக்காத செய்தி இது. ஏறக்குறைய ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகுதி. பெரும்பாலும் காலை வெயிலடித்து மதியத்துக்குப் பின் கொட்டும். அந்த மாதங்களில் கல் பாவிய சாலையோரம் தங்குவது நல்லது, ஆற்றங்கரைத் தாழ்நிலத்தைத் தவிர்ப்பதும் நல்லது. லோஹாவிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து மணிக்கணக்கில் நிற்பதும் அப்போது சாதாரணம்; விமானம் பிடிக்கும் நாளன்று காலையில் வில்கபம்பாவிலிருந்து புறப்படும் துணிச்சல் வேண்டாம், முந்தைய இரவே லோஹாவுக்கோ விமான நிலையம் இருக்கும் கத்தமாயோவுக்கோ போய்விடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றுக்காலம். மேட்டுக் குடில்களில் காற்று கூரைத் தகட்டை இரவு முழுவதும் தட்டிக்கொண்டிருக்கும், மண்சாலைகளில் புழுதி பறக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சுற்றுப்புற மலைகளில் தீ வைப்பதும் பரவுவதும் உண்டு. 2024 செப்டம்பரில் இதே லோஹா மாகாணத்தின் கிலாங்கா பகுதியில் பெருந்தீ மூண்டது. மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் அந்த இரு மாதங்களைத் தவிர்க்கலாம். வெப்பநிலையைப் பற்றிக் கவலை வேண்டாம். பகலில் 25 டிகிரியை ஒட்டியும் இரவில் 15-ஐ ஒட்டியும் ஆண்டு முழுவதும் நிற்கிறது. குளிரூட்டியும் தேவையில்லை, கணப்பும் தேவையில்லை. இவற்றைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

உயரத்தால் மூச்சுத் திணறுமா?

திணறாது. பெருவின் குஸ்கோ 3,400 மீட்டரிலும் ஈக்வடாரின் தலைநகர் கித்தோ 2,850 மீட்டரிலும் இருக்கின்றன; வில்கபம்பாவின் உயரம் ஏறத்தாழ நம் ஏற்காட்டின் உயரம்தான். கித்தோவில் இறங்கித் தலைவலியோடு வருபவர்களுக்கு இந்த ஊர் இறக்கம். ஆண்டிஸ் மலையில் உடல் தேறப் போகிறவர்கள் இவ்வூரைத் தேர்ந்தெடுக்க இதுவே நேர்மையான காரணம் என்பது என் எண்ணம்.

அறையைப் பார்க்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

முதலில் குளியலறைக்குச் சென்று மேலே பாருங்கள். பூவாளியின் தலை வெள்ளை நெகிழிக் குடுவைபோல் பருத்து, அதிலிருந்து இரண்டு கம்பிகள் சுவருக்குள் போகின்றன என்றால், அது தண்ணீர் விழும் இடத்திலேயே மின்சாரத்தால் சூடாக்கும் அமைப்பு. முழு வேகத்தில் திறந்தால் தண்ணீர் சூடேறாமல் வரும். நூலளவாகக் குறைத்தால் கொதிக்கும். நடுவில் ஒரு விரற்கடை அளவே சுகமான இடம். தண்ணீர் ஓடும்போது அந்தத் தலையை ஈரக்கையால் தொடாதீர்கள். கம்பியின் இணைப்பு நாடா சுற்றப்படாமல் வெளியே தெரிந்தால் வேறு அறை கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். எரிவாயுவில் சூடாக்கும் அமைப்பு இருந்தால் நல்லது. ஆனால் அந்தக் கருவி குளியலறைக்குள் அல்லாமல் வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மேட்டு வீடுகள் பலவற்றில் தொட்டிக்கு நீரேற்றுவது மோட்டார். மின்சாரம் நின்றால் குழாயும் நின்றுவிடும். ஈக்வடாரின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்து வருவதால் வறட்சி வந்தால் மின்வெட்டும் வரும். 2024-இன் கடைசி மாதங்களில் நாட்டில் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் வரை வெட்டு நீடித்தது. அப்போது புவியீர்ப்பில் நீர் வரும் தாழ்வான வீடுகள் பிழைத்தன, அழகிய காட்சி கொண்ட வீடுகள் வாளி தேடின. குடிக்கக் குழாய் நீர் வேண்டாம். இருபது லிட்டர் குடுவை அறையிலோ கூடத்திலோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மின்னழுத்தம் 120 வோல்ட், செருகியில் இரண்டு தட்டையான முனைகள். நம் ஊர்க் கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகள் இணைப்பான் இருந்தால் வேலை செய்யும். இங்கிருந்து கொண்டுபோகும் அரிசிக் குக்கரும் மிக்ஸியும் செய்யா. கழிவறைக் காகிதத்தைக் குழியில் போடாமல் கூடையில் போடுவது அங்குள்ள முறை. கைப்பூவாளி கிடையாது, ஒரு குவளையை வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கைக்குமேல் கொசுவலை தொங்குகிறதா என்றும் பாருங்கள். மாலையில் கணுக்காலைத் தேடிவரும் பொடி ஈக்கள் கொசுவைவிடத் தொல்லை.

சைவ உணவு கிடைக்குமா? சமையலறை உள்ள இடமாகப் பார்க்க வேண்டுமா?

ஈக்வடாரின் சிற்றூர்களில் சைவ உணவு இவ்வளவு எளிதாகக் கிடைப்பது அரிது. இந்த ஊரில் வெளிநாட்டவர் புண்ணியத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு, பருப்பு, வறுத்த நேந்திரம்போன்ற வாழைப்பழம், மரவள்ளி ஆகியவை இருக்கும்; ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் கோழியை வைத்துவிடும் வழக்கமும் இருப்பதால் கோழியையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். லோஹாவின் சிறப்பான ‘ரெப்பே’ என்னும் வாழைக்காய்ப் பாலாடைக் கட்டிச் சூப்பை அவசியம் குடித்துப் பாருங்கள். பல மூலிகைகளைக் கொதிக்கவைத்து இளஞ்சிவப்பாகத் தரும் ‘ஒர்ச்சாத்தா’ பானத்தை விருந்தினருக்குக் காலையில் கொடுக்கும் விடுதிகள் இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் சமையலறையோடு எடுப்பது நல்லது. சந்தையில் ‘சரந்தாஹா’ என்று ஒரு பயற்றைக் குவித்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நம் மொச்சை. தாவரவியல்படியும் அதேதான். புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து வைத்த அந்த மொச்சைக் குழம்பை விடுதிக் கூடத்தில் நால்வர் பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

யோகா, சிகிச்சை முகாம் நடத்தும் விடுதியிலேயே தங்கலாமா?

யோகா வகுப்புக்காக மட்டும் என்றால் தேவையில்லை. விடுதிகள் பலவும் வெளியிலிருந்து வருபவர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பில் சேர்க்கின்றன. அறை, உணவு, வகுப்பு எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு என்று விற்கப்படும் தொகுப்பை வாங்கும் முன், இடையில் வெளியேறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

மனத்தை மயக்கிக் காட்சிகளைத் தோற்றுவிக்கும் சான் பெத்ரோ என்ற கள்ளி, அயவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயம் ஆகியவற்றைக் கொடுத்து நடத்தும் இரவுச் சடங்குகள் வேறு விஷயம். இவை மலைவாழ், வனவாழ் மக்களின் தொன்மையான வழிபாட்டு மரபைச் சேர்ந்தவை; ஆனால் சுற்றுலாப் பயணிக்கு விற்கப்படும்போது எல்லா இடங்களிலும் மரபு தெரிந்தவர் முன்னிற்பதில்லை. சான் பெத்ரோ கள்ளியில் இருக்கும் மெஸ்கலின் என்ற போதைப்பொருள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அயவாஸ்கா உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் நாள் குறிக்கும் இடத்தில் சடங்கும் வேண்டாம், அறையும் வேண்டாம். இவற்றில் நாட்டமே இல்லாதவர்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்கள் விடுதியில் வாரத்தில் எத்தனை இரவுகள் சடங்கு நடக்கிறது? பக்கத்துக் கூடாரத்தில் விடிய விடிய முரசும் வாந்தியுமாக இருக்கும்போது தூங்குவது எளிதன்று.

வயதான பெற்றோரை அழைத்துச் சென்றால்?

சதுக்கத்தை ஒட்டிய தரைத்தள அறை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஊரில் கொக்கிச்சி ஓத்தானி என்ற ஜப்பானியர் பெயர் தாங்கிய சிறிய அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலுதவிக்கு அது போதும், அதற்கு மேற்பட்டதற்கு லோஹாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைவுச் சாலையில் போக வேண்டும். அப்பா அம்மாவுக்குக் காட்சி வேண்டுமே என்றால் பகலில் பிக்கப் வண்டி வைத்து குன்று விடுதிக்குப் போய்க் காபி குடித்துவிட்டு இறங்கிவிடலாம்.

மாதக்கணக்கில் வீடு எடுப்பது எப்படி?

இங்கிருந்தே இணையத்தில் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ஒரு வாரம் விடுதியில் தங்கி, உணவக அறிவிப்புப் பலகைகளில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாள்களைப் பார்த்தும், கடைக்காரர்களிடம் கேட்டும், நடந்து போய்ப் பார்த்தும் எடுங்கள். ஸ்பானிய மொழியில் விசாரித்தால் வரும் வாடகையும் ஆங்கிலத்தில் விசாரித்தால் வரும் வாடகையும் ஒன்றாக இருப்பதில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வட அமெரிக்கர்கள் வந்து நிலம் வாங்கியதில் விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகள் சொந்த ஊரில் மனை வாங்க முடியாத நிலை வந்திருக்கிறது. அந்த மனக்குறையை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். வீட்டை ஒரு முறை மதியத்திலும், ஒரு முறை இரவிலும் பார்த்துவிடுவது நலம்.

எந்த நாட்களில் முன்பதிவு கட்டாயம்?

பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் கார்னிவல் நாட்கள், ஈஸ்டர் வாரம், நவம்பர் முதல் வார விடுமுறை ஆகியவற்றில் ஊர் நிரம்பிவிடும். கார்னிவலில் தெருவில் நடந்தால் நுரையும் தண்ணீரும் மேலே விழும். அதற்கு விலக்கு கிடையாது. ஆகஸ்ட் 17 முதல் 20 வரை எல் சிஸ்னே என்னும் ஊரிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தோளில் சுமந்து ஏறக்குறைய 70 கி.மீ. நடந்து லோஹாவுக்குக் கொண்டுவரும் பெரும் பாதயாத்திரை நடக்கிறது. அப்போதும் செப்டம்பர் 8-ஐ ஒட்டிய சந்தைத் திருவிழாவின்போதும் லோஹாவில் அறை கிடைப்பது அரிது. மற்ற நாட்களில் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்து, பிடித்தால் நீட்டிக்கலாம். நேரில் நீட்டிப்பவருக்கு விலை குறைகிறது.

பணம், பாதுகாப்பு?

நாணயம் 2000 முதல் அமெரிக்க டாலர். ஐம்பது, நூறு டாலர்த் தாள்களை யாரும் வாங்க மாட்டார்கள். ஐந்தும் பத்துமாக வைத்திருங்கள். சொன்ன வாடகையில் மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2024 ஜனவரியில் நாட்டில் கும்பல்களுக்கு எதிராக அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது செய்திகளில் வந்த வன்முறை பெரும்பாலும் கடற்கரை நகரங்களுடையது. வில்கபம்பாவில் கவனிக்க வேண்டியது மந்தாங்கோ மலைப்பாதை: அங்கு வழிப்பறி நடந்ததுண்டு, ஆகவே தனியாக ஏறாமல் விடுதியில் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, கடவுச்சீட்டை அறையில் பூட்டிவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து பெருவுக்குத் தரைவழியாகப் போக விரும்புபவர் எங்கே தங்குவது?

பேருந்து நிலையத்துக்கு அருகில். ஸும்பா வரை ஐந்தாறு மணி நேரம் மலைச்சாலை. அங்கிருந்து மரப்பலகை இருக்கைகள் வைத்த திறந்த லாரியில் லா பால்சா எல்லைப் பாலம். அதைக் கடந்து போனால் பெருவின் சான் இக்னாசியோ ஊர். அந்த லாரி நாளுக்குச் சில நடைதான் ஓடுகிறது என்பதால் விடிகாலைப் பேருந்தைத் தவறவிட்டால் ஸும்பாவில் ஓர் இரவு தங்க நேரிடும். முந்தைய நாள் மாலையே வாடகையைக் கணக்குத் தீர்த்து, வாசல் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறு விடுதிகளில் இரவு பூட்டிய கதவை ஆறு மணிக்கு முன் யாரும் திறப்பதில்லை.